கொக்கிக்காக வெட்டிய ஓட்டை

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற தம்போயில் பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு. பயிற்சிக் காரில் நான் உட்காரும் இடது பக்கத்தில், என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நேராக விட்டாலும் சரி, வளைவில் கண்ணை மூடிக்கொண்டாலும் சரி, என் வலது கால் தானாக இறங்கிவிடும். வாய் அதற்கப்புறம்தான் திட்ட ஆரம்பிக்கும். என்னிடம் படித்தவர்கள் என்னை ‘சேகு’ என்பார்கள், டீச்சர் என்று அர்த்தம். சேகுவுக்குப் பயமே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மையில் என்னிடம் இருந்தது தைரியம் இல்லை, பிரேக்.

அது இல்லாத ஓர் இடத்துக்கு, நாற்பது தாண்டிய வயதில், நானாகப் போய் மாட்டிக்கொண்டேன்.

இழுத்துக்கொண்டு போனவள் என் நாத்தனார். கணவரின் தங்கை. என்னைவிட ஐந்து வயது சின்னவள், கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். விடிவதற்கு முன் பஸ் ஏறிப் பாலம் தாண்டி சிங்கப்பூரில் நர்ஸ் வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறவள். நாத்தனார் என்றதும் சண்டையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறத்தான் வேண்டும். அந்த வீட்டில் என் சமையலைக் குறை சொல்லாமல் சாப்பிடும் ஒரே ஆள் அவள்தான். ஒருநாள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். யாரோ ஒரு பெண் பலகை மேல் நின்று, காற்றில் விரிந்த பாய்மரப் பாயைப் பிடித்துக்கொண்டு, கடல் மேல் சறுக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"மெர்சிங் போற வழியில கத்துக்கொடுக்கிறாங்க அண்ணி. தனியா போறேன்னா அண்ணன் விடமாட்டாரு. நீங்க வந்தா விடுவாரு லா."

காவலுக்குத்தான் போனேன். மூன்றாவது சனிக்கிழமை நானும் பலகை மேல் நின்றேன். நின்றேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். விழுந்தேன், ஏறினேன், மறுபடி விழுந்தேன். நீச்சலே தெரியாமல் போனவள், அதற்காகவே நீச்சல் குளத்துக்குப் போய் மூன்று மாதம் தண்ணீர் குடித்தேன். இரண்டு பருவம் தாண்டியதும், காற்று சரியாக இருந்தால், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு விழாமல் போக வந்துவிட்டது. நாங்கள் இறங்குகிற சின்னக் குடா அதற்கு ஏற்ற இடம். குடாவின் வாயில் ஒரு மணல் திட்டு இருப்பதால் பெரிய அலை உள்ளே வராது, காற்று மட்டும் வரும்.

ஆனால் கை போய்விடும். பாயை முழுக்க முழுக்க கையாலேயே இழுத்துப் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை போய்விட்டு வந்தால் திங்கட்கிழமை எனக்கு ஸ்டீரிங் திருப்ப முடியாது. சப்பாத்தி மாவு பிசையக்கூட முடியாமல் ரொட்டி வாங்கி வரச் சொல்வேன்.

பலகை வாடகைக்கு விட்டு, கற்றும் கொடுக்கிற மலாய்க்காரப் பெண்ணை நாங்கள் ‘காக்’ என்று கூப்பிடுவோம், அக்கா என்பதுபோல. ஆனால் வயதில் அவள் எனக்குச் சின்னவள். தலையில் துண்டு, முழுக்கை, முட்டிக்குக் கீழே இறங்கும் தளர்ந்த நீச்சல் உடுப்பு, அடியில் முழுக்கால் சட்டை, இப்படி முகமும் உள்ளங்கையும் பாதமும் தவிர எதுவும் தெரியாமல்தான் கடலில் இறங்குவாள். அவள் ஒருநாள் எங்கள் கையைத் திருப்பிக் கொப்புளங்களைப் பார்த்தாள். இனி ஹார்னஸ் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று மலாயில் சொல்லிக் கொட்டகைக்குள் போய் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஹார்னஸ் என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. உடம்பில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை, அதன் முன்னால் கீழ்நோக்கித் திறந்த ஓர் எஃகுக் கொக்கி. பாயின் கைப்பிடியிலிருந்து ஒரு சின்னக் கயிறு வளைந்து தொங்கும். அந்தக் கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டால் பாயைக் கை இழுக்க வேண்டியதில்லை, உடம்பின் கனமே இழுக்கும். இதில் இரண்டு வகை. ஒன்று இடுப்பில் அகலமான பெல்ட் மாதிரி கட்டுவது. இன்னொன்று உட்காரும் இடத்தை ஏந்திக்கொள்வது, தொடைக்கு ஒன்றாக இரண்டு பட்டை காலுக்கிடையே சுற்றி வரும்.

கரையில் ஒரு ரூ மரக் கிளையில், சவுக்கு என்பார்களே அது, காக் ஒரு பழைய கைப்பிடியைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். அதில் கொக்கியை மாட்டித் தொங்கிப் பார்க்கச் சொன்னாள். முதலில் இடுப்புப் பட்டை. மாட்டிச் சாய்ந்த உடனே அது மேலே ஏறி லைஃப் ஜாக்கெட்டோடு சேர்ந்து விலாவை அமுக்கியது. மூச்சு பாதியில் நின்றது. அடுத்தது உட்காரும் வகை. நாற்காலியில் சாய்ந்த மாதிரி இருந்தது, முதுகு நன்றி சொன்னது. பத்து மணி நேரம் காரில் உட்கார்ந்து எலும்பு தேய்ந்த எனக்கு எது பொருத்தம் என்று யோசிக்கவே தேவையில்லை.

ஆனால் எனக்கு முதுகு பெரிதாகத் தெரியவில்லை. கட்டிக்கொள்வது என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. அதுவரை விழுந்தால் கையை விட்டுவிடுவேன், பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இனிமேல் விழுந்தால் பாயும் நானும் ஒன்றாக விழுவோம். பாய் என் மேல் விழுந்து, நான் அதில் மாட்டியபடியே கீழே கிடந்தால்? காக்கிடமே கேட்டேன். காக் சிரிக்கவில்லை, அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். கையை மடக்கிக் கைப்பிடியை உன் பக்கம் இழு, கயிறு தளர்ந்து தானாகக் கீழே விழும். விழவில்லையா, இடது பக்கம் இருக்கிற பக்கிளைத் தட்டு, கொக்கியே கழன்றுவிடும். மூச்சு வேண்டுமா, கையால் பாயைக் கொஞ்சம் மேலே தூக்கு, அடியில் காற்று வரும். கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை செய்ய வைத்தாள்.

கடைசியாக ஒன்று சொன்னாள். கொக்கிக்கு மேலே எதுவும் இருக்கக் கூடாது. சட்டை, துண்டு, கயிறு, எதுவும். தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். அத்தனை உடுப்புக்கும் மேலே, வெளியே, எல்லோரும் பார்க்க, அவளுடைய ஹார்னஸ் இருந்தது.

நாங்கள் இரண்டு பேருமே உட்காரும் வகையையே வாங்கினோம். அந்தச் சனிக்கிழமை என் நாத்தனார் அதைப் போட்டுக்கொண்டு பலகையோடு நின்ற படம் ஒன்றை நான் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். என் புத்தி அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் கணவரின் பெரியம்மா, கோலாலம்பூரிலிருந்து, எழுதினார்: இது என்ன கோலம், குழந்தைக்கு அரைத்துணி கட்டின மாதிரி, இதைப் பார்த்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்.

முப்பத்தேழு வயதுப் பெண்ணை இனி யார் கேட்டு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று நான் எகிறினேன். அவள் எகிறவில்லை. கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்று தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொடைப் பட்டைகள் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டுவது உண்மைதான். எனக்கும் அப்படித்தான் தூக்கிக் காட்டியது. நான் நாற்பது தாண்டியவள், இரண்டு பிள்ளை பெற்றவள், என்னை யார் பார்க்கப் போகிறார்கள். அவளை எல்லோரும் பார்ப்பார்கள், மாதா கோவிலில் ஞாயிறு பூசை முடிந்து படியில் இறங்கும்போதுகூட.

"நான் வேணும்னா இனிமே வரல அண்ணி" என்றாள்.

"சும்மா இரு. நான் ஒண்ணு பண்றேன்" என்றேன்.

கோவில் முகாமுக்குக் கொடுத்த பெரிய டி-ஷர்ட் இரண்டு அலமாரியில் இருந்தது. முட்டி வரை தொங்குவது. ஹார்னஸைப் போட்டு, அதற்கு மேல் இந்தச் சட்டை, அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட். கொக்கி வருகிற இடத்தில் சுண்ணக்கட்டியால் குறி வைத்து ஓர் ஓட்டை வெட்டினேன். பிசிறு வராமல் ஓரம் மடித்து, மெஷினில் இரண்டு ஓட்டு ஓட்டினேன். கொக்கி மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. பட்டை இல்லை, பக்கிள் இல்லை, பின்பக்கம் இல்லை. அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை காக் பார்த்தாள். சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "நந்தி தெர்சாங்குட்" என்றாள். மாட்டிக்கும் என்று அர்த்தம்.

கொக்கிக்கு மேலே எதுவும் இல்லையே காக், கொக்கி வெளியேதானே இருக்கிறது, தையல் எவ்வளவு உறுதி பார் என்றேன். என் சேகு குரலில் சொன்னேன். அந்தக் குரலுக்கு எதிரே வாய் திறந்தவர்கள் குறைவு. அவளும் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டாள்.

ஐந்தாறு வாரம் ஒன்றும் ஆகவில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வாடைக்காற்று நன்றாக ஏறியிருந்தது. கொக்கியை மாட்டிச் சாய்ந்து நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று காற்று ஒரு குத்து குத்தியது. பாய் முன்னால் பாய்ந்தது, என்னையும் சேர்த்துத் தூக்கி அதற்கு முன்னால் அடித்தது. தண்ணீர் முகத்தில் அறைந்தது. கண் திறந்தபோது தலைக்கு மேல் பாய். பாயில் பாதி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், அதனால் வானம் தெரிந்தது. மேகம்கூடத் தெரிந்தது. மூச்சுதான் இல்லை.

கையை மடக்கி இழுத்தேன். கயிறு விழவில்லை. மறுபடி இழுத்தேன். பக்கிளைத் தேடினேன். கையில் சட்டைதான் வந்தது, ஈரச்சட்டை, எவ்வளவு தள்ளினாலும் இன்னும் சட்டை. இடது பக்கம் எது என்றே மறந்துவிட்டது. சட்டையைப் பிடித்து மேலே இழுத்தேன், கொக்கி இன்னும் இறுகியது. லைஃப் ஜாக்கெட் என்னை மேலே மேலே தள்ளிப் பாயோடு ஒட்ட வைத்தது. காப்பாற்றப் போட்டுக்கொண்டதே அமுக்கிப் பிடித்தது. பாயைத் தூக்கினால் காற்று வரும் என்று சொன்னாளே, அது ஞாபகத்துக்கே வரவில்லை. ஞாபகத்துக்கு வந்தது ஒன்றுதான். என் வலது கால் தண்ணீருக்குள் எதையோ மிதித்துக்கொண்டிருந்தது. இல்லாத பிரேக்கை, திரும்பத் திரும்ப.

இயேசுவே என்று கூப்பிட வாயைத் திறந்து உப்புத் தண்ணீரை விழுங்கினேன். நான் சாகப் போகிறேன் என்று தெரிந்தது. பயந்தேன் என்று சொல்வது போதாது. நான் என்று ஒன்று மிச்சம் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது.

அப்புறம் எப்படியோ கழன்றுவிட்டது. பாயின் விளிம்புக்கு வெளியே தலை வந்தது. இருமி இருமிப் பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். தூரத்தில் என் நாத்தனார் கை அசைத்தாள். நானும் கை அசைத்தேன்.

கரையில் வந்து கேட்டாள்: "என்ன அண்ணி, முகம் ஏன் வெளுத்திருக்கு?"

"மூக்குல தண்ணி ஏறிடுச்சு" என்றேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன். கணவருக்குத் தெரிந்தால் அத்தோடு கடல் முடிந்தது, அவளுக்கும் முடிந்தது. வாரமெல்லாம் நோயாளிகளைப் புரட்டிப் போடுகிறவளுக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. இதெல்லாம் நிஜம்தான். ஆனால் இதற்கெல்லாம் அடியில் இருந்தது வேறு. ஓட்டை வெட்டினது நான். காக் மாட்டிக்கும் என்றபோது வாதாடினது நான். சேகு தப்புப் பண்ணிவிட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை மதியம் இரண்டு பாடத்துக்கு நடுவே வீட்டுக்கு வந்தேன். யாரும் இல்லை. இருந்தும் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஹார்னஸ், சட்டை, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியில் துணி காயப்போடுகிற கயிற்றைக் கட்டிக் கொக்கியில் மாட்டிக்கொண்டு தரையில் உருண்டேன். நாற்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை. யாராவது பார்த்திருந்தால் தம்போயில் இருக்கிற பெரிய மனநல ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நாலாவது உருட்டலில் புரிந்துவிட்டது. உடம்பு திரும்பும்போது ஓட்டையின் கீழ் ஓரம், நான் உறுதியாக இரண்டு ஓட்டு ஓட்டியிருந்த அந்தத் தடித்த ஓரம், சுருண்டு கொக்கியின் வாயில் போய் அடைத்துக்கொண்டது. கயிறு உள்ளே, துணி வாசலில். மேலே இழுத்தால் இன்னும் அடைக்கும். அந்த ஓரத்தைப் பிடித்து, இடது முட்டியைப் பார்த்துக் கீழே ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் வந்துவிடும். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், கை பழகும் வரைக்கும்.

இத்தனையும் கண்டுபிடித்துவிட்டு நான் செய்தது இதுதான். என் சட்டையைக் கத்தரித்துத் தரை துடைக்கப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை காக்கிடம் இடுப்புப் பட்டையை மாற்றி வாங்கிக்கொண்டேன்.

"ஏன் அண்ணி? உங்களுக்கு முதுகுக்கு அதுதானே நல்லாயிருந்திச்சு?"

"அலையில ஆடுறதுக்கு இதுதான் நல்லதாம்" என்றேன். அலையே வராத குடாவில் நின்றுகொண்டு சொன்னேன்.

"அலமாக், பெரிய ஆளு" என்று சிரித்தாள்.

அவளுடைய சட்டையைப் பற்றியும் சொல்லிப் பார்த்தேன். சாயம் போய்விட்டது, அசிங்கமாக இருக்கிறது, தூக்கிப் போடு என்றேன். "நீங்க தைச்சு குடுத்தது அண்ணி, அதை எப்படித் தூக்கிப் போடுறது" என்றாள். அதற்கு மேல் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதைச் சொல்லாமல் பலகையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு நடந்தேன். அவள் என்னைவிட நன்றாக நீந்துவாள், என்னை மாதிரி பதறமாட்டாள், நர்ஸ் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு தடவை அவள் விழும்போதும் தலை மேலே வரும் வரை நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். அவள் தலை வந்ததும், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்பேன்.

நாலாவது வாரம் நான் கரையில் இருந்தேன். இடுப்புப் பட்டை ஏறி ஏறி விலா கன்றிப்போயிருந்தது, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக்கூட வலித்ததால் அதோடேயே மணலில் உட்கார்ந்திருந்தேன். காக் படகில் தூரத்தில் வேறு இரண்டு பேரோடு இருந்தாள். என் நாத்தனார் திரும்பிக் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். நன்றாகச் சாய்ந்து, முழங்கை நீட்டி, அழகாக வந்தாள். ஐம்பது அறுபது மீட்டர் இருக்கும்.

காற்று ஒரு குத்து குத்தியது. எனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. மரக்கிளை ஆடியதைப் பார்த்தேன். பாய் முன்னால் பாய்ந்தது, அவள் அதோடு பறந்தாள், பாய் அவள் மேல் சாய்ந்தது.

தலை வரவில்லை.

ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். என் வலது கால் மணலைக் குழி தோண்டி மிதித்துக்கொண்டிருந்தது. ஐந்து எண்ணியபோது எழுந்து ஓட ஆரம்பித்திருந்தேன்.

தண்ணீர் முட்டி, இடுப்பு, நெஞ்சு. ஓட முடியவில்லை. கனவில் ஓடுவது போலத்தான், கால் போகிறது, நான் போகவில்லை. "காக்! காக்!" என்று கத்தினேன். கழுத்தளவு வந்ததும் நாய் நீந்துகிற மாதிரி அடித்துக்கொண்டு போனேன். பாய் அசையாமல் மிதந்தது. பிளாஸ்டிக்குக்குள்ளிருந்து ஒரு உள்ளங்கை மேலே தள்ளிக்கொண்டிருந்தது, வெள்ளையாக, விரல் விரிந்து. அவள் பதறவில்லை, பாயைத் தூக்கி மூச்சு வாங்குகிறாள் என்று புரிந்தது. பிறகு அந்தக் கை விலகிவிட்டது. பாய் மறுபடி தட்டையானது.

பாயின் விளிம்பைத் தூக்கி உள்ளே தலையை விட்டேன். அவள் இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். நான் செய்த அதே தப்பு. அவள் கையைத் தட்டிவிட்டேன். என் கை நேராகக் கொக்கிக்குக் கீழே போனது, தடித்த ஓரத்தைப் பிடித்தது, இடது முட்டியைப் பார்த்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. கயிறு விழுந்தது. அவளை ஜாக்கெட் கழுத்தில் பிடித்து வெளியே இழுத்தேன்.

காக் படகோடு வந்தபோது நாங்கள் இருவரும் பலகையைக் கட்டிக்கொண்டு கிடந்தோம். அவள் வாந்தி எடுத்தாள். நான் அழுதேன். காக் எங்கள் இருவரையும் படகில் ஏற்றி, கரையில் போர்வை போர்த்தி, சூடாகத் தேநீர் கொடுத்தாள். அந்தச் சட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

தேநீர் பாதி குடித்தபின் என் நாத்தனார் பேசினாள். குரல் கரகரத்திருந்தது.

"அண்ணி."

"சொல்லும்மா."

"தேடவே இல்லை நீங்க. கை நேரா அங்கே போச்சு. எப்படித் தெரிஞ்சிச்சு?"

சொன்னேன். ஜனவரி, மூக்கில் தண்ணீர், திங்கட்கிழமை மதியம், ஜன்னல் கம்பி, தரை துடைக்கப் போட்ட சட்டை எல்லாம். ஒன்றையும் விடவில்லை. சேகு குரல் எங்கேயோ போயிருந்தது. அவள் தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். கோத்தா திங்கி வரை பக்கத்தில் ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சீட் பெல்ட் பக்கிளை அமுக்கிக் கழற்றுகிறாள், மாட்டுகிறாள், மறுபடி கழற்றுகிறாள். பதினாறு வருடமாக, பெல்ட்டைக் கழற்றினால் கத்துகிறவள் நான். அன்று கத்தவில்லை. கழலுகிறதா என்று பார்க்கிறாள், பார்க்கட்டும்.

தம்போய்க்கு வரும் வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டாள்: "வேற ஏதும் இருக்கா அண்ணி? எனக்குச் சொல்லாம வச்சிருக்கிறது?"

"இல்லம்மா."

"சரி" என்றாள். நம்பின குரல் இல்லை அது.

வீட்டில் அவளே தன் அண்ணனிடம் சொன்னாள், பாதிதான் சொன்னாள். சட்டை மாட்டிக்கொண்டது, அண்ணி வந்து எடுத்துவிட்டார்கள் என்றாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நின்றதைப் போல வெட்கமான வேலை எதையும் நான் செய்ததில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மீதிப் பாதியை நானே சொன்னேன். அவர் என் கையை விட்டுவிட்டார்.

மறுநாள் பூசையில் சுற்றி இருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்கிற நேரத்தில் அவள் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் திரும்பிக் கைகூப்பினாள். என் பக்கமும் திரும்பிக் கைகூப்பினாள், மற்றவர்களுக்குக் கூப்பியது போலவே.

நாங்கள் போவதை அடியோடு நிறுத்தவில்லை. இரண்டு மாதம் கழித்து அவளாகத்தான் கிளம்பினாள், நான் வரலாமா என்று கேட்டேன், வாங்க என்றாள். இப்போது இருவருக்கும் உட்காரும் வகைதான், எல்லாவற்றுக்கும் மேலே, வெளியே. தொடைப் பட்டை தெரிகிறது, பின்பக்கம் தெரிகிறது. பெரியம்மாவுக்கு அவளே ஒரு படம் அனுப்பினாள்.

எனக்குப் பயம் போகவில்லை. ஒவ்வொரு தடவை கயிறு கொக்கியில் ‘க்ளிக்’ என்று விழும்போதும் ஒரு தரம் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாய்கிறேன். ஆனால் கடலில் இறங்குவதற்கு முன்னால் கரையில் நடக்கிற ஒன்றுக்குத்தான் அதைவிட அதிகம் பயப்படுகிறேன். அவள் என் எதிரே வந்து நிற்பாள். என் கொக்கியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பாள், பக்கிளைத் தட்டிக் கழற்றிப் பார்ப்பாள், அதைச் சுற்றி நூல் பிசிறு ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். நர்ஸ் கை, ஒன்றையும் விடாது. பிறகு நான் அவளுடைய கொக்கியைப் பார்க்கக் கையை நீட்டுவேன்.

"வேணாம் அண்ணி" என்பாள். "நானே பார்த்துட்டேன்."